ஐந்தாவது சட்டை

துவைத்துக் கொடியில் போட்டிருந்த சட்டை உறுமியது.

பெரிய சத்தம் இல்லை. மடியில் படுத்திருக்கும் பூனை உள்ளுக்குள் உருட்டுமே, அவ்வளவுதான். மொட்டைமாடியில் வேறு ஓசை எதுவும் இல்லாததால் கேட்டது. கிளிப்பை எடுத்துவிட்டுச் சட்டையைக் கையில் வாங்கினேன். ஈரம் இன்னும் போகவில்லை. துணிக்குள் வைத்துத் தைத்திருந்த சிறு வில்லைகள் என் உள்ளங்கையில் துடித்தன. சீரான துடிப்பு இல்லை. துரத்தப்பட்டு ஓடி வந்த ஒருவன் மூச்சு வாங்குவது போல இருந்தது.

கைப்பிடிச் சுவர் வழியாகக் கீழே பார்த்தேன். என் மகள் எழில் படிக்கட்டில் உட்கார்ந்து சோடா மூடிகளை நிறம் பிரித்து வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். இதே போன்ற இன்னொரு சட்டை அவள் உடம்பில் இருந்தது. முகத்தில் எந்தப் பதற்றமும் இல்லை. பதறாத குழந்தைக்குச் சட்டை எதற்காக அதிர்கிறது என்று நான் யோசிப்பதற்குள் அவள் மூடிகளை விட்டுவிட்டாள். இரண்டு கைகளையும் மார்பின் மேல் வைத்தாள். தலையைக் குனிந்து, சட்டையைப் பார்த்து, அவளுக்குத் தெரிந்த ஒரே சுரத்தில் முனகத் தொடங்கினாள்.

என் கையிலிருந்த ஈரத்துணியில் அந்த முனகலும் வந்து சேர்ந்தது. ஓடிக்கொண்டிருந்த துடிப்பு அதைக் கேட்டது. கேட்டது என்பதைத் தவிர வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. கொஞ்சம் நின்றது, மறுபடி ஓடியது, பிறகு நடந்தது. கடைசியில் இரண்டும் ஒன்றாக ஓய்ந்தன. எழில் மறுபடியும் பச்சை மூடி ஒன்றை எடுத்தாள்.

நான் நெடுநேரம் அங்கேயே நின்றேன்.

நாமக்கல்லில் திருச்சி சாலையில் உள்ள ஓர் எடைமேடையில் எனக்கு வேலை. லாரி மேடையில் ஏறும், திரையில் எண் வரும், சீட்டைக் கிழித்துக் கொடுப்பேன். இரண்டு லாரிகளுக்கு நடுவே புத்தகம் படிப்பேன். பேச்சு அதிகம் தேவைப்படாத வேலை. அதனாலேயே எனக்குப் பிடித்திருந்தது. பேசாத மகள் பிறந்தபோது ஊரார் வருந்திய அளவுக்கு நான் வருந்தவில்லை. பேசாதிருத்தல் எனக்குப் பழக்கமான இடம். என் பயம் அவளுடைய அலறலைப் பற்றியது. குக்கர் விசில், பட்டாசு, பேருந்து ஹாரன், சில நாள் வெறும் மின்விசிறி. எது அவளைத் தாக்கும் என்று தெரியாது. தாக்கினால் தலையைச் சுவரில் மோதிக்கொள்வாள். ஆட்டிசம் என்ற சொல்லை மருத்துவர் பிறகுதான் சொன்னார்.

அவள் சிறு குழந்தையாக இருந்தபோது ஒரு நாள் என் மனைவி பூங்கோதை அவளை எடைமேடைக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் எழில் அலறியிருக்கிறாள். இறக்கிவிட்டதும் ஓடிப்போய், இன்ஜின் அணைக்காமல் நின்றிருந்த ஒரு டீசல் லாரியின் பக்கத் தகட்டில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். அழுகை அப்படியே நின்றுவிட்டது. அதன்பிறகு டிரைவர்கள் டீ குடிக்கப் போகும்போது, பாப்பா வந்திருக்குது, ஆஃப் பண்ணிப்போடாதீங்க என்று ஒருவருக்கொருவர் சொல்லிவிட்டுப் போவார்கள். முதலாளிகள் டீசல் செலவைக் கேட்டால் என்ன சொன்னார்களோ தெரியாது.

பிறகு மின்சார லாரிகள் வந்துவிட்டன. அவை நிற்கும்போது கல்லைப் போல நிற்கும். எழில் கன்னத்தை வைத்துப் பார்ப்பாள், ஏமாந்து என்னைப் பார்ப்பாள். அந்தச் சமயத்தில்தான் சேலத்து மருத்துவர் இந்தச் சட்டையைப் பற்றிச் சொன்னார். அது குழந்தையின் மூச்சையும் இதயத்துடிப்பையும் முனகலையும் கேட்கும். பதற்றம் தெரிந்தால் மார்பிலும் முதுகிலும் மெல்ல அதிரும். எந்த அதிர்வு அந்தக் குழந்தையைத் தேற்றுகிறது என்று தானாகவே கற்றுக்கொள்ளும். ஒரு குழந்தைக்கு இரண்டு சட்டை தருவார்கள், ஒன்று போட்டுக்கொள்ள, ஒன்று துவைத்துக் காய. கம்பெனி அதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருந்தது. பெற்றோர் குழுவில் எல்லோரும் பூனைச்சட்டை என்றுதான் சொன்னோம்.

சட்டை வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. எழில் பள்ளியில் உட்கார்ந்தாள். தூங்கினாள். கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கியபோதுகூட அசையாமல் கிடந்தாள். பல் மருத்துவர் அவளைப் பாராட்டவில்லை, சட்டையைப் பாராட்டினார். பூங்கோதை வெகுகாலத்துக்குப் பிறகு தங்கை வீட்டுக் கல்யாணத்தில் பந்தி முடியும்வரை இருந்துவிட்டு வந்தாள்.

அப்படிப்பட்ட சட்டைக்குக் கோளாறு வந்தால் பழையபடி அலறல்தான். கம்பெனியின் பெங்களூர் உதவி மையத்தை அழைத்தேன். ரெஹானா என்ற பெண் பேசினாள். சொந்த ஊர் வாணியம்பாடி என்றாள். நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, பார்த்துவிட்டு அழைப்பதாகச் சொன்னாள்.

மறுநாள் மாலை அழைத்தாள். குரலில் ஒரு தயக்கம் இருந்தது.

"சார், ஒண்ணு கேக்கட்டுமா? உங்களுக்குத் தூத்துக்குடியில வீடு இருக்கா?"

இல்லை என்றேன்.

"உங்க பொண்ணு சட்டை ரெண்டு அங்க ஓடிட்டிருக்கு."

எனக்குப் புரியவில்லை. அவள் விளக்கினாள். தமிழ்நாட்டிலிருந்து வரும் பதிவுகள் மட்டும் கம்பெனிக்கு ஒரு தலைவலியாம். "குடும்பப் பேருன்னு ஒரு கட்டம் இருக்கும் சார். நம்ம ஊர்ல அது ஏது? இனிஷியல் போட்டா ஏத்துக்காது. சரின்னு அப்பா பேரைப் போடுவாங்க. அப்புறம் சந்தேகம் வந்துடும். திருப்பிப் போட்டு இன்னொரு தடவை பதிவாங்க. ஒரே குழந்தைக்கு ரெண்டு கணக்கு. அதனால ஒரு விதி எழுதி வெச்சாங்க. பேரும் அப்பா பேரும் தலைகீழா இருந்து, பொறந்த வருஷமும் ஒண்ணா இருந்தா, அது ஒரே குழந்தை, சேத்துடுன்னு."

என் பெயர் சுடர். மகள் எழில். எங்கள் அப்பாக்களின் தலைமுறை ஆண், பெண் வேறுபாடு பார்க்காமல் வைக்கத் தொடங்கிய தூய தமிழ்ப் பெயர்கள். தூத்துக்குடியில் ஒரு சிறுவன் இருக்கிறான். அவன் பெயர் சுடர். அவனுடைய அப்பா பெயர் எழில்.

"சட்டைங்க நாலும் ஒரே குழந்தையோடதுன்னு நெனச்சுக்கிட்டு, ஒண்ணு கேக்கறத மத்ததுக்கு அனுப்பிட்டே இருந்திருக்கு. மூச்சு, துடிப்பு, முனகல், எல்லாம்."

"அப்போ இந்த ஒரு வருஷமா எழிலைத் தேத்துனது?"

அவள் உடனே பதில் சொல்லவில்லை. அந்த இடைவெளியில் அவளுக்குப் பின்னால் யாரோ முனகுவது கேட்டது. கனத்த ஆண் குரல். இரண்டு சின்ன முனகல், ஒரு நீண்ட முனகல், ஓர் இடைவெளி. மறுபடியும் அதே. பிறகு சுவரில் எதுவோ மோதும் சத்தம்.

"என் தம்பி சார்," என்றாள். "வீட்டுல இருந்துதான் வேலை பாக்கறேன். ஒரு நிமிஷம்." கதவு சாத்தும் ஓசை கேட்டது. திரும்பி வந்து சொன்னாள். "பதிவுங்க எல்லாத்தையும் பாத்தேன். சட்டை இதுவரைக்கும் தானா எதுவுமே செய்யல. செய்ய வேண்டி வரல. ஒரு குழந்தை பதறுனா இன்னொரு குழந்தை முனகியிருக்கு. அதுவே போதுமா இருந்திருக்கு."

வேறு என்ன கேட்பது என்று தெரியாமல், உங்கள் தம்பிக்கும் சட்டை உண்டா என்று கேட்டேன்.

"அவனுக்கு இருபத்தாறு வயசு சார். குழந்தைங்க அளவுலதான் தைக்கறோம். வளந்தவங்களுக்கு யாரு வாங்குவாங்கன்னு கம்பெனி கேக்குது." சிரிக்க முயன்றாள். பிறகு, இந்த மாத முடிவில் இரண்டு கணக்குகளையும் பிரித்துவிடுவார்கள் என்றாள். ஒரு குழந்தையின் உடம்புச் செய்தி இன்னொரு வீட்டுக்குப் போவது சட்டப்படி குற்றம். விட்டுவைக்க வழியே இல்லை.

பூங்கோதையிடம் இதைச் சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது. அவள் லாரிகளுக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் கணக்குப் பார்ப்பவள். எதையும் நேராகப் பார்ப்பாள். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"என்ற புள்ளைக்கு அவ பயமே ஊருப்பட்டது கெடக்குது. இதுல தூத்துக்குடிப் பயத்தையும் இவளே சொமக்கோணுமா?"

எழில் தனக்குப் பிடிக்காத எதையும் உடம்பில் விட்டுவைத்ததில்லை என்று சொன்னேன். புதுத்துணியில் கழுத்துப்பட்டைச் சீட்டு உறுத்தினால் அந்த இடத்திலேயே பிய்த்தெறிவாள். சட்டையின் ஒட்டுப்பட்டையைப் பிரிக்க அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்தத் துடிப்பு வரும்போது அவள் பிரிக்கவில்லை, கையை வைத்து அழுத்திக்கொள்கிறாள்.

"புடிச்சதெல்லாம் நல்லதாயிருமா? மண்ணு திங்கக்கூடத்தான் அவளுக்குப் புடிச்சுது. அவகிட்ட யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

கேட்டால் பதில் சொல்லக்கூடிய குழந்தையாக அவள் இருந்திருந்தால் இந்தச் சட்டையே வந்திருக்காது. பிள்ளைகளுக்கு நல்லது என்று நாம் முடிவு செய்கிறவற்றில் எதற்குத்தான் அவர்களைக் கேட்டோம் என்றும் தோன்றியது. ஆனால் அது பூங்கோதையின் கேள்விக்கு விடையாகாது.

ரெஹானா இரண்டு வீட்டாரின் சம்மதத்தோடு எண்களைக் கொடுத்தாள். சிறுவனின் அம்மா பெயர் செண்பகவல்லி. கணவர் துறைமுகத்தில் கப்பல்களை இழுத்து வரும் இழுவைப்படகில் வேலை பார்க்கிறார். முதல் அழைப்பிலேயே என்னை அண்ணாச்சி என்றும் பூங்கோதையை மதினி என்றும் கூப்பிட்டுவிட்டாள். பிரிப்பதற்கு முன்னால் ஒரு தடவை பிள்ளைகள் முகத்தை முகம் பார்க்கட்டுமே, நாங்களே வாரோம் என்றாள். பூங்கோதை மறுக்கவும் இல்லை, சரியென்று சொல்லவும் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வழக்கத்தைவிட அதிகமாக அரிசி கழுவினாள்.

அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. சிறுவன் சுடர் காதுகளில் பெரிய அடைப்பான் மாட்டிக்கொண்டு, அம்மாவின் பின்னால் நுனிக்காலில் நடந்து வந்தான். எழிலைவிட ஒன்றரை மடங்கு பெரிய உடம்பு. உள்ளே நுழைந்ததும் தலையைத் தூக்கி எங்கள் மின்விசிறியைப் பார்த்தான். அவனுக்கு அது பிடித்துப் போனது. எழில் அவனைத் தாண்டிப் போய், செண்பகவல்லி கையிலிருந்த மக்ரூன் பெட்டியை வாங்கிக்கொண்டாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. நாங்கள் மூன்று பேரும் கல்யாண வீட்டில் மாப்பிள்ளை அழைப்புக்கு நிற்பது போல நின்றுகொண்டிருந்தோம்.

"எத்தன ஊரு தாண்டி வந்திருக்கோம்," என்றாள் செண்பகவல்லி மகனிடம். "பேச்சு வேண்டாம்ல. ஒரு பார்வ பாத்தா என்ன கொறஞ்சா போயிருவ?"

அவன் மின்விசிறியைப் பார்த்துச் சிரித்தான்.

எழில் தரையில் உட்கார்ந்து மக்ரூன்களை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைக்கத் தொடங்கினாள். கூம்பு நுனி மேலே இருக்க வேண்டும், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் ஒரே இடைவெளி. வரிசை கூடத்தைத் தாண்டி அடுக்களை வாசல்வரை போனது. அவள் வரிசையை யாராவது கலைத்தால் வீடு இரண்டாகிவிடும். அதனால் சுடர் வந்து மறுமுனையில் உட்கார்ந்து, முதல் மக்ரூனை எடுத்து வாயில் போட்டபோது பூங்கோதை பதறி எழுந்தாள்.

எழில் தலையைத் தூக்கவில்லை. இந்த முனையில் ஒன்று வைத்தாள். அந்த முனையில் அவன் ஒன்றைத் தின்றான். அவள் வைத்தாள். அவன் தின்றான். வரிசை கூடத்துக்குள் மெல்ல நகர்ந்துகொண்டே இருந்தது, சரக்கு ரயில் ஒன்று வளைவில் திரும்புவது போல. பெட்டி காலியானதும் எழில் பின்னால் திரும்பாமல் வெறும் பெட்டியை அவன் பக்கம் தள்ளிவிட்டாள். அவன் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு வைத்துக்கொண்டான்.

பூங்கோதை சிரித்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். செண்பகவல்லியும் சேர்ந்துகொண்டாள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு இரண்டு பெண்களும் அடுக்களைக்குப் போய்விட்டார்கள். நான் கூடத்தில் இருந்தேன். பேச்சு எனக்குக் கேட்டது.

துறைமுகத்தில் கப்பல் ஹாரன் அடித்தால் சுடர் முன்பெல்லாம் கட்டிலுக்கு அடியில் போய் மண்டையை இடித்துக்கொள்வானாம். சட்டை வந்தபின் மார்பில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறானாம். "யாரோ வாரேன்னு சொல்லியிருக்க மாதிரி நிப்பான், மதினி. வந்தாச்சுன்னா அவன் மொகத்துலயே தெரியும். நானும் சட்டைதான் அம்புட்டும் செய்யுதுன்னு நெனச்சேன்."

பூங்கோதை தன் கேள்வியைக் கேட்டாள். என் மகள் மட்டும்தான் முனக வேண்டுமா, உன் மகன் என்றைக்காவது அவளுக்காக முனகியிருக்கிறானா என்று. நேராகத்தான் கேட்டாள்.

பாத்திர ஓசை நின்றது. "அது எனக்குத் தெரியாது மதினி," என்றாள் செண்பகவல்லி. "ஆடி மாசம் ஒரு நாளு. வீடு அமைதியாத்தான் கெடக்கு. ஹாரன் இல்ல, ஒண்ணுமில்ல. திடீர்னு இவன் தரையில குப்புறப் படுத்துக்கிட்டு முனகுதான். எழுந்திருக்கவே மாட்டேங்கான். சோத்துக்குக் கூப்பிட்டா வரல. வேர்த்து ஊத்துது. என்னமோ பாரத்தைத் தூக்குத மாதிரி கெடந்தான். பொறவு அவனே எந்திரிச்சுத் தண்ணி குடிச்சான்."

"ஆடியில எப்ப?"

"பெருக்குக்கு மறுநா. மத்தியானத்துக்கு முந்தி."

எழிலுக்குப் பல் பிடுங்கியது அன்றைக்கு, அதே நேரத்தில்தான். பிறகு பூங்கோதை வெளியே வந்தாள். இலை போட்டாள். எல்லோருக்கும் முன்னால் சுடருக்குப் பரிமாறினாள். அவன் வெறும் சோறுதான் தின்பான் என்று செண்பகவல்லி சொன்னதும், குழம்பு வாளியைத் தள்ளி வைத்துவிட்டு இன்னும் கொஞ்சம் வெறும் சோறு வைத்தாள்.

மாலையில் அவர்களை எடைமேடைக்குக் கூட்டிப்போனேன். சுப்பராயன் என்ற டிரைவர் இன்னும் ஒரு பழைய டீசல் லாரி வைத்திருக்கிறார். சரக்கு இறக்கிவிட்டு வெற்று வண்டியாக வந்திருந்தார். எழிலைப் பார்த்ததும் கேட்காமலேயே இன்ஜினை ஓடவிட்டார். எழில் வழக்கம் போலப் பக்கத் தகட்டில் கன்னத்தை வைத்தாள். சுடர் கொஞ்சம் பார்த்திருந்துவிட்டு, லாரியைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய், காது அடைப்பானைக் கழற்றி, அந்தப் பக்கத் தகட்டில் காதை வைத்தான். நடுவில் முழு லாரி நின்றது. இருவரும் அன்று பூனைச்சட்டை போடவில்லை.

எழில் முனகினாள். மறுபக்கத்திலிருந்து பதில் வந்தது. சுப்பராயன் என்ன நினைத்தாரோ, இன்ஜினை அணைத்துவிட்டார். வெற்றுப் பெட்டி ஒரு பெரிய மத்தளம் போல அந்த இரண்டு குரல்களையும் வாங்கி வைத்துக்கொண்டது. திடீரென்று இரண்டு பக்கத்திலும் ஒரே நேரத்தில் சிரிப்பு கிளம்பியது. எதற்கு என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அது எங்களுக்குச் சொல்லப்பட்ட விஷயமும் இல்லை.

மாத முடிவில் பிரித்துவிட்டார்கள்.

புதிய ஏற்பாட்டில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. எழில் பதறினால் சட்டை அதிர்ந்தது. கம்பெனி கணக்குப் போட்டு எடுத்த, பிசிறில்லாத அதிர்வு. அவள் அடங்கவும் செய்தாள். ஆனால் அமைதியாக இருக்கும்போது அவள் சட்டையைப் பார்த்து முனகினாள். முனகிவிட்டுத் தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள். குழந்தை நன்றாக இருக்கிறது என்று கண்டுகொண்ட சட்டை வாயை மூடிக்கொண்டது. அவள் மறுபடி முனகினாள். மறுபடி காத்திருந்தாள். தூத்துக்குடியில் அவன் கப்பல் ஹாரனுக்குப் பிறகு மார்பைத் தட்டிக்கொண்டே இருப்பதாகச் செண்பகவல்லி சொன்னாள்.

ஒரு காலை நேரம். பூங்கோதை பட்டறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். எழில் வந்து அவள் முன்னால் நின்றாள். ஒட்டுப்பட்டையைப் பிரித்தாள். சட்டையைக் கழற்றினாள். மற்ற துணிகளைப் போலச் சுருட்டி எறியவில்லை. நான்காக மடித்து அம்மாவின் கையில் வைத்துவிட்டு, சோடா மூடிகளிடம் போய்விட்டாள்.

பூங்கோதை அந்தச் சட்டையைப் பார்த்தபடியே இருந்தாள்.

"கேட்டாச்சுங்க," என்றாள் கடைசியில். "அவ சொல்லிப்போட்டா."

பிறகு ஃபோனை எடுத்தாள். நம் இரண்டு கணக்கையும்தானே பிரித்திருக்கிறார்கள், அந்தத் தலைகீழ்ப் பெயர் விதியை எடுத்துவிட்டார்களா என்று என்னிடம் கேட்டாள். தெரியவில்லை என்றேன். "இத்தன தமிழ்நாட்டுக் கணக்கையும் யாரு ஒக்காந்து சரி பண்ணுவா? எடுத்திருக்க மாட்டாங்க." துவைத்து வைத்திருந்த மாற்றுச் சட்டையை எடுத்துப் புதிதாகப் பதிந்தாள். குழந்தையின் பெயர் எழில். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் சுடர். தூத்துக்குடிக்கு அழைத்து மாற்றுச் சட்டையை எடுக்கச் சொன்னாள். அங்கே செண்பகவல்லி, குழந்தையின் பெயர் சுடர், குடும்பப் பெயர் எழில் என்று போட்டாள். போட்டுவிட்டு, இது பொய் சொன்னதாகாதா என்று கவலைப்பட்டாளாம்.

"எதுல பொய்யி? ஒரு எழுத்து மாத்தினமா? நம்மூர்ல பேரு அப்படித்தான், கண்ணு."

பட்டறைக்கு அவள் அன்று போகவில்லை. எழிலுக்குச் சட்டையைப் போட்டுவிட்டு நாங்கள் இருவரும் எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டோம். எழில் ஒரு தடவை முனகினாள். தலையைச் சாய்த்தாள். தெருவில் ஒரு வண்டி போனது. குழாயில் தண்ணீர் சொட்டியது. பிறகு அவள் தோள்கள் குலுங்கின. வாயை அகலத் திறந்து, சத்தமே இல்லாமல் சிரித்தாள். பூங்கோதை என் கையைப் பிடித்துக்கொண்டாள். எங்களுக்கு இடையே எத்தனையோ நாள் பேச வேண்டியிருந்ததெல்லாம் அந்தப் பிடியில் முடிந்தது என்று நினைக்கிறேன். மிச்சமிருந்த இரண்டு பழைய சட்டைகளையும் சாயங்காலத்துக்குள் அதே கணக்கில் சேர்த்துவிட்டாள்.

மழைக்காலம் முடிந்து வெயில் திரும்பிய ஒரு நாள். கொடியில் சட்டை உறுமியது. இப்போதெல்லாம் அது எனக்குப் பழகிவிட்டது. சும்மா கையை வைத்துக் கேட்பேன், புத்தகத்தில் பிடித்த பக்கத்தைத் திருப்பிப் படிப்பது போல. எழிலின் ஒற்றைச் சுரம் தெரியும். சுடரின் துடிப்பும் தெரியும். அன்றைக்கு அவற்றுக்கு அடியில் இன்னொன்று இருந்தது. கனமானது. இரண்டு சின்ன அதிர்வு, ஒரு நீண்ட அதிர்வு, ஓர் இடைவெளி.

இதை எங்கே கேட்டேன் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஃபோன் அடித்தது. ரெஹானா. வாடிக்கையாளர் சேவை அழைப்பு என்றாள். சட்டை நன்றாக இருக்கிறதா, துவைக்கும்போது சுருங்குகிறதா என்று கேட்டாள். எல்லாம் நலம் என்றேன்.

"சார், உங்க கணக்குல அஞ்சு சட்டை ஓடுது," என்றாள். "நாலு எப்படி ஆச்சுன்னு நான் கேக்கல. இந்த அஞ்சாவது உங்களுக்குப் பிழைன்னு பட்டா சொல்லுங்க. இப்பவே எடுத்துடறேன்."

முன்பு அவள் பேசும்போது பின்னால் கேட்ட மோதல் சத்தம் இன்று இல்லை. காதோடு ஃபோனை அழுத்திக்கொண்டேன். தூரத்தில், கதவு சாத்தாத ஓர் அறையிலிருந்து, யாரோ நிதானமாக முனகிக்கொண்டிருந்தார்கள். இரண்டு சின்னது, ஒரு நீண்டது. காதில் கேட்ட அதே கணத்தில் அது என் உள்ளங்கையிலும் அதிர்ந்தது.

"அளவு பெருசா?" என்று கேட்டேன்.

"டபுள் எக்ஸெல் சார்." குரல் இறங்கியிருந்தது. "கம்பெனிக்குத் திரும்பி வந்த சட்டை ஒண்ணுலேருந்து வில்லைங்களப் பிரிச்சு எடுத்து நானே தெச்சேன்."

கீழே எட்டிப் பார்த்தேன். எழில் மூடிகளை விட்டுவிட்டு நின்றிருந்தாள். அவளுடைய கை ஒட்டுப்பட்டையின் நுனியில் இருந்தது. கேட்டுக்கொண்டிருந்தாள். புது ஆள் யார் என்று அவளும் யோசித்திருக்க வேண்டும். நான் ரெஹானாவுக்குப் பதில் சொல்லாமல் காத்திருந்தேன். அவளும் காத்திருந்தாள்.

எழில் பட்டையை அழுத்தி ஒட்டினாள். தலையைக் குனிந்து முனகத் தொடங்கினாள்.

"இருக்கட்டும்மா," என்றேன்.